'சேலம்யில்' வசிக்கும் செல்வி

முதல் சான்றிதழ் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது அதில் இப்படி இருந்தது: 'சேலம்யில் வசிக்கும் செல்வி யாழினி'. (பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றவில்லை.) அடுத்தது 'ஈரோடுயில்'. பக்கத்தில் நின்ற அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

எங்கள் வாசகர் வட்டம் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தியது. 180 சான்றிதழ் எழுத வேண்டும் என்றதும், முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் வாயைக் கொடுத்தேன். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் தகவலைச் சேர்த்துவைக்கும் பகுதியான பேஸில் ஒரு டேபிள், அதற்கு ஒரு ஃபார்ம், பெயர், வகுப்பு, ஊர் என்று ஆளாளுக்கு உட்கார்ந்து தட்டிவிட வேண்டியது. அப்புறம் அதே மென்பொருளில் கடிதம் எழுதும் பகுதியான ரைட்டரில் வாசகத்தை ஒரே ஒரு முறை எழுதி, நடுநடுவே அந்த ஃபீல்டுகளைச் செருகி மெயில் மெர்ஜ் கொடுத்தால் எல்லாப் பக்கமும் தானாக வந்துவிடும். வரத்தான் செய்தது. நான் மதுரைக்காரன், மாதிரிக்கு மதுரையையே போட்டுப் பார்த்துவிட்டு ஃபீல்டுக்குப் பின்னால் 'யில்' என்று ஒட்டி வைத்திருந்தேன்.

சரி, விதி எழுதிவிடலாம் என்று பைத்தான் என்ற நிரல்மொழியைத் திறந்தேன். 'ம்' என்று முடிந்தால் அதை வெட்டிவிட்டு 'த்தில்'. சேலத்தில், விழுப்புரத்தில், கல்பாக்கத்தில், எல்லாம் ஜோர். ஆனால் ஒரு எழுத்தை வெட்டச் சொன்னால் புள்ளி மட்டும் போய் 'சேலம' என்று நிற்கும், ஏனென்றால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரிகிற சேலம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடு. கடைசி 'ம்' மட்டுமே இரண்டு. அதைச் சரிசெய்தேன். 'டு' என்றால் 'ட்டில்': ஈரோட்டில், ஏற்காட்டில். உடனே செங்கல்பட்டு வந்து 'செங்கல்பட்ட்டில்' என்று நின்றது. செய்யாறு செய்யாற்றில் ஆக வேண்டும், அதற்கு ஒரு வரி. நாமக்கல் நாமக்கல்லில் ஆகிறது, கொடைக்கானல் மட்டும் கொடைக்கானலில்தான். தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் நாமக்கல்லுக்குள் ஒரு 'கல்' இருப்பது எனக்குத் தெரியும், பைத்தானுக்கு எப்படித் தெரியும்?

மூன்று ராத்திரி போச்சு.

நாலாம் நாள் ஊர்களை எண்ணிப் பார்த்தேன். மொத்தமே 43. ஊர்களுக்குத் தனி டேபிள் போட்டு, சேலத்துக்குப் பக்கத்தில் 'சேலத்தில்' என்று இன்னொரு நெடுவரிசையில் கையாலேயே தட்டினேன், பத்து நிமிஷ வேலை. ஃபார்மில் ஊரை இப்போது தட்ட முடியாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கத்தான் முடியும். இதனால் இன்னொரு தொல்லையும் ஒழிந்தது: யாரோ ஒருவர் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு, 'மதுரை யில்' என்று நடுவில் ஓட்டை விழுவது. 'சேலத்தில் இருந்து', 'சேலத்தில் உள்ள' என்று இடம் விட்டு எழுதினால் அதே நெடுவரிசையே போதும். பெங்களூரு மட்டும் வம்பு. பெங்களூருவில் என்பதா, பெங்களூரில் என்பதா என்று குழுவில் அரை மணி நேரம் பேசி, கடைசியில் நான் பெங்களூரில் என்றே போட்டுவிட்டேன்.

அரசுப் படிவங்களில் 'ஊர்: மாவட்டம்:' என்று துண்டு துண்டாக இருப்பதைக் கிண்டல் செய்தவன் நான். இப்போது அப்படிச் சிரிக்க வரவில்லை. வேற்றுமை உருபுக்குப் பயந்து தப்பிக்க நல்ல வழி அது. பெயர்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டு, பின்னால் 'அவர்கள்' போட்டுவிட்டால் 'அவர்களுக்கு', 'அவர்களை' என்று உருபெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், பெயர் கலையாது. நன்கொடையாளர் கடிதங்களுக்கு அதைத்தான் வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அவர்கள்' போட முடியுமா? 'செல்வி யாழினி ஓவியப் போட்டியில் பங்கேற்றதைப் பாராட்டி' என்று பெயரை எழுவாயாகவே நிறுத்திவிட்டேன்.

அந்த 'சேலம்யில்' தாளை அக்கா கிழிக்க விடவில்லை. வாசகர் வட்ட அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.