மொழிக்கு யார் சம்பளம் தருவது?

ஜூலை 7, திங்கள்
பினாங்கு லெபோ பசாரில் அம்மாவோடு பசியாறினேன். நான் உருவாக்கி இலவசமாகப் பொதுவில் விட்டிருக்கும் கணினி நிரல்மொழியைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த மொழிக்கு யாருப்பா சம்பளம் கொடுக்கிறாங்க?" என்றார். இந்த மாதம் 19 பேர் நன்கொடை தந்திருக்கிறார்கள், மொத்தம் 412 வெள்ளி (ரிங்கிட்). வாடகையே 900. வேலையை விட்டு 7 மாதமாகிறது. கையிருப்பு டிசம்பர் வரை தாங்கும்.

ஜூலை 9, புதன்
நிரல்மொழி உருவாக்கிய மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற யோசனையிலேயே தூக்கம் போயிற்று. பைத்தானைத் தந்த கைடோ வான் ராசம் கூகுள், டிராப்பாக்ஸ், மைக்ரோசாஃப்ட் என்று சம்பளத்தில் இருந்தார். ரிச் ஹிக்கி ஓய்வுக்கால சேமிப்பைச் செலவழித்துக் குளோஜரை எழுதினார். ஆண்ட்ரூ கெல்லி 2018-இல் வேலையை விட்டு, நன்கொடையை நம்பி ஸிக் மொழியில் முழுநேரமாக இறங்கினார். இவர்களில் யாரும் மொழியை விற்றுப் பிழைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்
பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து அழைப்பு. ஒரு சிப் ஆலையில், சோதனை இயந்திரப் பதிவுகளைச் சரிபார்க்க 8 மாதமாக என் மொழியைத்தான் ஓட்டுகிறார்களாம்! எனக்கு இன்றுதான் தெரியும். கெட்ட சிப்பும் தேறிவிடுகிறது என்றார்கள். 2 மணி நேரம் தேடினேன். புதிதாக வந்த இயந்திரம் 3.5 என்பதை 3,5 என்று எழுதுகிறது. என் மொழிக்குக் காற்புள்ளி என்றால் பிரிப்பான், அதனால் அதை 3, 5 என இரண்டு எண்களாகப் படித்து, முதல் எண்ணை மட்டும் சோதித்திருக்கிறது. மேல் எல்லை 3.2, அதனால் 3 தேறிவிட்டது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பிழை என்னுடையது, இரவே திருத்தி வெளியிட்டேன்.

ஜூலை 16, புதன்
ஆலை மேலாளர் நல்ல தொகை சொன்னார். ஆனால் இனி வரும் பதிப்புகள் அவர்களுக்கு மட்டும்தானாம். முடியாது என்றேன். அந்த 19 பேர் காசு போட்டது பூட்டி வைப்பதற்காக அல்ல. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற எம்ஐடி உரிமத்தை விரும்பித்தான் போட்டேன், யாரும் எனக்குக் கடன்படவில்லை. விற்க என்னிடம் இருப்பது நேரம்தான். அப்புறம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன்: பிழை சொன்னால் 2 வேலை நாளில் பதில், பழைய பதிப்புக்கு ஓராண்டு பராமரிப்பு, திருத்தங்கள் எல்லாம் பொதுவில் வரும், மாதம் 2,800 வெள்ளி.

ஜூலை 19, சனி
நேற்று மாலை கையெழுத்தாகி வந்தது. இப்போதைக்கு 6 மாதம். அம்மாவிடம் சொன்னதும், "சேமநிதி பிடிப்பாங்களா?" என்றார். நானே கட்டிக்கொள்ள வேண்டும், கட்டுவேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை செய்யவேண்டிய முதல் வேலை: தசமக் குறி புள்ளியா காற்புள்ளியா என்று கோப்பின் முதல் வரியிலேயே சொல்லவைப்பது. சொல்லாவிட்டால் நிரல் ஓடவே கூடாது.