3 மி.மீ. தகடு போதுமா?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொட்டிவைக்க இரும்புத் தகட்டில் ஒரு பெரிய பெட்டி. அதன் அடிச்சுவர்தான் என்னை நேரியல் அல்லாத முடிவுறு மூலகப் பகுப்பாய்வுக்குள் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்குப் பார்க்கும் முறை) இழுத்துவிட்டது. சுவரின் ஒரு கட்டம் 1 மீட்டர் சதுரம், தகடு 3 மி.மீ., நாலு பக்கமும் சட்டம். நெல்லின் தள்ளலை 5 கிலோபஸ்கால் என்று வைத்துக்கொண்டேன்.

நேரியல் கணக்கில், அதாவது சுமை இரட்டித்தால் புடைப்பும் இரட்டிக்கும் என்று வைத்தால், தகடு நடுவில் 12.7 மி.மீ. புடைத்தது.

"அப்ப 6 மி.மீ. போடுவமா தம்பி?" என்றார் ஆலைக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா."

தடிப்பைப் போல நாலு மடங்குக்கு மேல் புடைப்பு! தடிப்பில் பாதியைத் தாண்டினாலே அந்தக் கணக்கை நம்புவது கஷ்டம். அது தகட்டைக் கடைசிவரை தட்டையாகவே நினைக்கிறது. உண்மையில் புடைத்த தகடு இழுபடும். அந்த இழுவையும் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். புடைக்கப் புடைக்க விறைப்பு ஏறும்.

கல்குலிக்ஸ் இந்தப் பகுப்பாய்வைச் செய்யும் இலவச மென்பொருள். அதற்குக் கொடுக்கும் கோப்பின் 'ஸ்டெப்' வரியில் 'என்எல்ஜியோம்' என்று சேர்த்தால் பெரிய உருமாற்றத்தையும் கணக்கில் எடுக்கும். ஆனால் முழுச் சுமையையும் ஒரேயடியாக ஏற்றினால் தீர்வு ஒரு விடையில் நிலைக்காமல் அலைந்தது. பத்துப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்காக ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் நியூட்டன்–ரப்சன் முறை அப்போதைய விறைப்பை வைத்து ஊகித்து, வெளிச்சுமைக்கும் உள்விசைக்கும் உள்ள மிச்சத்தைப் பார்த்துத் திருத்தும். மிச்சம் சிறுத்தால் அடுத்த படி. கரண்ட் போகாமல் இருந்தால் நல்லது.

புடைப்பு 5 மி.மீ. அளவுக்கு இறங்கியது. இரும்பு இளகுவதை (திரும்ப நிமிராமல் வளைந்துபோவதை) சேர்க்கவில்லை. நேரியல் கணக்கிலேயே ஓரத் தகைப்பு (ஓர் அலகுப் பரப்பில் வரும் உள்விசை) 170 மெகாபஸ்கால்தான், சாதாரண இரும்பு இளகுவது 250 இல்.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஓரம். அந்த 5 மி.மீ., சட்டம் உள்ளே நகராது என்று பிடித்து வைத்ததால் வந்தது. பிடிப்பைத் தளர்த்திப் பார்த்தேன், புடைப்பு கூடியது. நடுக்கட்டங்களில் பக்கத்துத் தகடுகள் ஒன்றையொன்று இழுத்துச் சமப்படுத்திக்கொள்ளும். கடைசிக் கட்டத்தின் இழுவை முழுக்க மூலைத் தூணுக்கும் அதன் வெல்டிங்குக்கும் போகும். நேரியல் கணக்கு இதைப் பற்றி மூச்சே விடாது.

"தகடு 3 போதும் காக்கா. மிச்சக் காசை மூலைத் தூணில போடுங்க."

"சரி தம்பி, வெல்டருக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேட்கமாட்டான்."