சர்வரின் நான்கு நெட்வொர்க் போர்ட்களையும் ஒன்றாக்கிய அனுபவம்

எங்கள் அலுவலகத்தின் வீடியோ கோப்புகள் எல்லாம் ஒரு உபுண்டு சர்வரில்தான் இருக்கின்றன. அதில் 1 ஜிகாபிட் போர்ட்கள் நான்கு உண்டு. ஒன்றில் மட்டும்தான் கேபிள் இருந்தது. மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கோப்புகளை ஏற்றி இறக்கும்போது அந்த ஒற்றைப் போர்ட் திணறும். மற்ற மூன்றும் சும்மா கிடக்கின்றனவே, சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன். இப்படிப் பல போர்ட்களை ஒரே இணைப்பு போலச் சேர்ப்பதற்கு லினக்ஸில் பாண்டிங் என்று பெயர்.

செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. நான்கைச் சேர்த்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபிட் வேகத்தில் போகாது. பாக்கெட்டுகளின், அதாவது கோப்பு உடைந்து போகும் சிறு துண்டுகளின், வரிசை குலையக்கூடாது என்பதால், ஒரு இணைப்புக்கு உரியவை எல்லாம் ஒரே போர்ட் வழியாகவே அனுப்பப்படும். அதனால் ஒருவருக்கு அதிகபட்சம் 940 மெகாபிட் அளவில்தான் கிடைக்கும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும். எங்கள் சிக்கலும் அதுதான். ஒரே ஆளுக்கு வேகம் வேண்டும் என்றால் பாண்டிங்கை மறந்துவிட்டு 10 ஜிகாபிட் கார்டு வாங்குங்கள்.

பாண்டிங்கில் ஏழு முறைகள் இருக்கின்றன. பேலன்ஸ்-ஆர்ஆர் முறை ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒவ்வொரு போர்ட்டில் மாற்றி மாற்றி அனுப்பும். வரிசை குலைந்தால், பாக்கெட்டுகள் சரியாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும் என்பதால் அதை விட்டேன். ஆக்டிவ்-பேக்கப் பாதுகாப்பானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்தான் வேலை செய்யும். நான் எடுத்தது 802.3ஏடி. சர்வரும், கேபிள்கள் போய்ச் சேரும் ஸ்விட்சும் எல்ஏசிபி என்ற நெறிமுறை மூலம் தங்களுக்குள் பேசிக்கொண்டு போர்ட்களைச் சேர்க்கும் முறை இது. 2000இல் வந்த இந்தத் தரம் 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற பெயருக்கு மாறிவிட்டது. லினக்ஸில் இன்னும் பழைய பெயர்தான்.

அமைப்பை, உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் கருவியான நெட்பிளானின் கோப்பில் எழுதினேன். வழக்கமாக நெட்பிளான் ட்ரை என்ற சோதனைக் கட்டளையைக் கொடுத்தால், நாம் உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாண்டிங்கின் தனி அமைப்புகளுக்கு அந்த வசதி கிடையாது, நேராக அமலாக்கும் அப்ளை கட்டளையைக் கொடுக்கச் சொல்லிவிடுகிறது. எனவே நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சை மட்டும் நம்பி இதைச் செய்யாதீர்கள். நான் சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அப்ளை கொடுத்ததும் விசித்திரமான நிலை. சில கணினிகளுக்கு சர்வர் கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. கெர்னல் காட்டும் பாண்டிங் நிலையைப் பார்த்தேன். பார்ட்னர் மேக் முகவரி, அதாவது எதிர்முனையில் உள்ள ஸ்விட்சின் வன்பொருள் முகவரி, முழுக்கப் பூஜ்ஜியம். எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் அக்ரிகேட்டர் எண்ணும் நான்கு போர்ட்களுக்கும் வெவ்வேறு. அதாவது ஸ்விட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை. ஸ்விட்சை அமைத்துத் தந்தவர்கள் அந்த நான்கு போர்ட்களையும் எல்ஏசிபி இல்லாத நிலையான குழுவாகப் போட்டிருந்தார்கள். ஸ்விட்ச் நான்கு போர்ட்களிலும் பிரித்து அனுப்ப, சர்வரோ ஒன்றில் வந்ததை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஸ்விட்சில் எல்ஏசிபியை ஆக்டிவ் என்று மாற்றியதும் நான்குக்கும் ஒரே அக்ரிகேட்டர் எண் வந்தது, எல்லாக் கணினிகளுக்கும் சர்வர் கிடைத்தது.

சரி, முடிந்தது என்று போர்ட் வாரியாகக் கணக்கைப் பார்த்தால், வெளியே போவதெல்லாம் ஒரே போர்ட்டில்! எந்த இணைப்பு எந்தப் போர்ட்டில் போக வேண்டும் என்பதை ஒரு ஹாஷ் கணக்கு முடிவு செய்கிறது. இயல்பாக இருப்பது லேயர்2, அது மேக் முகவரிகளை வைத்துக் கணக்கிடும். எங்கள் சர்வர் தனி விலானில், அதாவது ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. யாருக்கு அனுப்பினாலும் முதலில் வேறு நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் கேட்வேக்குத்தான் போகும், அதனால் சேரும் மேக் முகவரி எப்போதும் ஒன்றே. உள்ளே போகும் எண்கள் மாறாதபோது விடையும் மாறாது. லேயர்3+4 என்று மாற்றினேன். ஐபி முகவரியும் இணைப்பின் போர்ட் எண்ணும் (இது கேபிள் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) கணக்கில் சேர்ந்ததும் போக்குவரத்து நான்கிலும் பரவியது.

இது வெளியே போவதற்கு மட்டும். உள்ளே வருவது எந்த வழியில் வர வேண்டும் என்பதை ஸ்விட்ச்தான் தீர்மானிக்கிறது, சர்வருக்கு அதில் பேச்சே இல்லை. ஸ்விட்சும் மேக் முகவரியை வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருந்தது. அங்கே ஐபி முகவரிக்கு மாற்றிய பிறகுதான் கோப்பு ஏற்றுவதும் சீரானது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சோதிப்பதற்கு நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவி போதும். ஆனால் அதன் ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். 5201, 5202 என்று தனித்தனிப் போர்ட் எண்களில் பல சர்வர்களை ஓடவிட்டு, வெவ்வேறு கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கினேன். இரண்டு இணைப்புகள் ஒரே கேபிள் போர்ட்டில் விழுந்தால் அவை வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அது ஹாஷ் கணக்கின் இயல்பு, பழுதில்லை.

அப்புறம் பெரிய கோப்பு ஒன்று நகலாகும்போதே ஒரு கேபிளை உருவிப் பார்த்தேன். போர்ட்டில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்ஐஐ கண்காணிப்பை 100 மில்லிவிநாடி என்று வைத்திருந்ததால் நகல் நிற்காமல் தொடர்ந்தது. எல்ஏசிபி வேகத்தையும் ஃபாஸ்ட் என்று மாற்றிவிட்டேன். ஸ்லோவில் 30 விநாடிக்கு ஒருமுறை பேசுவது, ஃபாஸ்டில் விநாடிக்கு ஒருமுறை பேசும்.

நான்கு கேபிளும் இப்போது ஒரே ஸ்விட்சில்தான் இருக்கின்றன. அது செத்தால் எல்லாம் நிற்கும். இரண்டு ஸ்விட்சுகளில் பிரித்து மாட்ட வேண்டுமானால் அவை ஸ்டாக் ஆகவோ எம்லாக் ஆகவோ, அதாவது சர்வருக்கு ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும்படி, சேர்ந்து இயங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பதில் அது முடியாது.