சக்கை (பலா) மரமும் ஓர்லாக் கணக்கும்

நட்ட மரத்தின் கனியை மூன்று வருடம் உண்ணாதே என்கிறது லேவியராகமம் 19:23. நம் பக்கத்துப் பிரசங்கங்களில் 'பொறுமை' என்ற ஒரு சொல்லோடு இந்த வசனத்தைத் தாண்டிவிடுவார்கள். யூதர்கள் இதை ஓர்லா என்று அழைத்து, நாள் எண்ணுகிறார்கள். என்னைக் கேட்டால் பக்தியே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

2021 ஜூனில், இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையோடு ஓர் ஒட்டுச் சக்கை நட்டதாக வைத்துக்கொள்வோம். வேர் பிடிக்க 14 நாள், அதற்குமேல் 30 நாள். யூதப் புத்தாண்டுக்கு முன் இந்த 44 நாள் கிடைத்தால், மீதமிருக்கும் துண்டுக் காலமே முதல் ஆண்டாகிவிடும். அவ்வருடப் புத்தாண்டு செப்டம்பர் 7. ஜூன் கன்று தேறும், ஆகஸ்டில் நட்டது தேறாது. மூன்றாம் ஆண்டு 2023 செப்டம்பரில் முடியும். பலரும் தவறுவது இதற்கு அப்புறம்தான். மரங்களின் புத்தாண்டான, யூத மாதம் ஷெவாத்தின் 15ஆம் நாள், அதாவது 2024 ஜனவரி 25க்கு முன் பிடித்த பிஞ்சு எப்போது பழுத்தாலும் ஓர்லாவே. சக்கை பிஞ்சு விடுவதோ மார்கழி, தையில்! ஒரே மரத்தில் ஒரு காய் விலக்கப்பட்டது, அடுத்த காய் நான்காம் ஆண்டுக்குரியது. காம்பில் கயிறு கட்டி வைக்காவிட்டால் பிறகு பிரித்தறிய வழியில்லை. முதல் மூன்று வருடப் பிஞ்சைக் கிள்ளிவிடுவது இன்னும் எளிது. ஒட்டுக்கன்றின் சத்தும் வேருக்கும் கிளைக்கும் போகும்.

உண்ணாமல் இருந்தால் மட்டும் போதாது, விற்கவும் கூடாது. சக்கைக்குருவைத் தீயல் குழம்பில் போடவோ, மடலைப் பசுவுக்கு வைக்கவோ முடியாது. இலைக்குத் தடையில்லை, பிலாவிலையில் கஞ்சி கோரிக் குடிக்கலாம்.

கன்றை இடம் மாற்றும்போது, அது உயிர்பிழைக்கப் போதுமான மண் வேரோடு இருந்தால் பழைய எண்ணிக்கை தொடரும். மண் உதிர்ந்து வேர் வெறுமையானால் புது நடவு. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வேலிக்கோ அறுத்துத் தடியெடுக்கவோ நட்ட மரத்துக்கு ஓர்லா இல்லை, ஆனால் பழம் தின்னலாமே என்று மனம் மாறினால் வந்துவிடும்.

நான்காம் ஆண்டுப் பழத்தை அன்று எருசலேமுக்குக் கொண்டுபோய் உண்டார்கள். இன்று இஸ்ரேலில் அதன் புனிதத்தைச் சிறு நாணயத்துக்கு மாற்றிவிட்டு உண்கிறார்கள். இஸ்ரேலுக்கு வெளியே ஓர்லா என்று உறுதியானால்தான் தடை, சந்தேகம் மட்டும் என்றால் உண்ணலாம். ஆகவே நாகர்கோவில் வடசேரி சந்தையில் சக்கை வாங்கும் யூதர் மரத்தின் வயதை விசாரிக்க வேண்டியதில்லை.

வாழைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. குலை வெட்டியதும் தண்டு அழிந்து, அடியிலிருந்து புதுக்கன்று வருவதால் யூதச் சட்டத்தில் அது மரமே அல்ல. மட்டி, செந்துளுவன் என எந்த வாழையையும் முதல் குலையிலேயே உண்ணலாம்.