மேஜை மேல் இருந்த பரிமேலழகர்

"இப்ப வேணாம்மா. இதைப் படிச்சா குறள் மேலயே வெறுப்பு வந்துடும். காலேஜ் முடிச்சுட்டு எடு."

நூலகத்தில் என் மேஜைக்கு வந்து, திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய பழைய உரையைக் கேட்ட பிளஸ் டூ மாணவியிடம் இப்படிச் சொல்லி, மு.வ.வின் (மு. வரதராசன்) கையடக்கத் தெளிவுரையை நீட்டினேன். வாங்கிக்கொண்டே கேட்டாள்: "வெறுத்தா என்ன சார்? அப்புறம் திரும்பப் படிச்சுக்க மாட்டேனா?"

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. இந்த உரையை எடுப்பவர்களில் பலர் உரைப்பாயிரத்தோடு, அதாவது முன்னுரையோடு, நின்றுவிடுகிறார்கள். இந்திரன் முதலிய இறையவர் பதங்களில் தொடங்கும் அந்த வாக்கியத்துக்கே மூச்சைப் பிடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் கொண்டுகூட்டு. குறளில் உள்ள வரிசையில் சொற்கள் உரையில் வராது. கூடவே எச்சம், உம்மை என்று இலக்கணக் குறிப்புகள். ஆனால் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பாயிரத்தை விட்டுவிட்டு 79ஆம் அதிகாரமான நட்பில் தொடங்கலாம். குறளை முதலில் தானே சொல் பிரித்துப் பார்த்துவிட்டு, உரையில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் பொருளை மட்டும் படிக்கலாம். இலக்கணத்தை இரண்டாம் சுற்றுக்கு ஒதுக்கலாம். நாளைக்கு ஒரு குறள் போதும். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை.

வயது வந்தால்தான் பிடிபடும் என்று நான் நம்புவதற்குக் காரணம் 1151ஆம் குறள்.

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

முதல் வாசிப்பில் மூன்று இடங்களில் சறுக்கும். 'வல்' என்றதும் வலிமை என்று நினைப்போம். இங்கே அது விரைவு. 'வாழ்வார்' என்றால் நன்றாக வாழ்கிறவர் இல்லை, நீ திரும்பி வரும்போது உயிரோடு இருப்பவர். 'மற்று' என்பதைப் பொருளில்லாத வெறும் அசைச்சொல் என்று தள்ளிவிடுவோம்; குறளின் திருப்பமே அங்கேதான். போகவில்லை என்றால் என்னிடம் சொல், அது இல்லாமல் சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதாக இருந்தால் அப்போது இருப்பவரிடம் சொல்லிக்கொள்.

பிரிந்து போகப் புறப்படும் தலைவனிடம் தலைவி சொல்வதாக இதைப் படிப்பவர்கள் உண்டு. பரிமேலழகர் தோழியின் வாயில் வைக்கிறார். இளமையில் இது வெறும் இலக்கியச் சடங்காகத் தெரியும். பல வருஷம் கழித்துப் படித்தால்தான், பேச முடியாமல் நிற்கும் ஒருத்திக்காக இன்னொருத்தி 'எனக்கு' என்று சொல்வதன் கனம் தெரியும். திருச்சி விமான நிலைய வாசலில் "ரெண்டே வருஷம்" என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு உரையே தேவைப்படாது.

இந்த இடத்தில் என் வாதம் ஆட்டம் காண்கிறது. உறுப்பினர் அட்டை வாங்க வந்த அன்றே, அப்பா சவுதியில் இருப்பதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள். 'வல்வரவு' அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கும். இலக்கணம் மட்டும்தான் மிச்சம், அதற்கு 40 வயது தேவையில்லை.

ஆனாலும் முழுக்க விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அறம் என்பது மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதைத் தவிர்ப்பதும் என்று இதே உரை சொல்கிறது. 17 வயதில் பெரியவர் சொன்னது என்று தலையாட்டிவிட்டுக் கடந்துபோவோம். திரும்ப வரும்போதுதான் வள்ளுவர் எங்கே அப்படிச் சொன்னார் என்று சண்டை போடத் தோன்றும். அவள் 17 வயதிலேயே போட்டிருப்பாளோ என்னவோ. என்னிடம் போட்டாளே.

திரும்பப் படிப்பவர்களுக்கு ஒன்று: பழைய பிரதியை எடுக்காதீர்கள். பென்சில் கோடுகள் கண்ணைப் பழைய இடங்களுக்கே இழுக்கும். வேறு பிரதி நல்லது.

மு.வ. உரையைப் பத்து நாளில் திருப்பித் தந்தாள். பரிமேலழகரை எடுத்து மேஜை மேலேயே வைத்திருந்தேன். அவள் பார்த்தாள், கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.