கடற்பசு பாதுகாப்பகம்: எங்கள் கரையில் பேசி முடித்த கதை

பாக் விரிகுடாவில், கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டியான கடற்பசுவுக்குப் பாதுகாப்பகம் வரப்போகிறது என்று 2021இல் அரசு அறிவித்ததும் எங்கள் கரையில் எழுந்த முதல் பேச்சு கடற்பசுவைப் பற்றியே இல்லை, "இனிமே நம்மள கடலுக்குள்ள விடமாட்டாங்க" என்பதுதான். காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், அதற்கப்புறம் தீவில் கால் வைக்கவே பயப்பட வேண்டியதாகிவிட்டது.

நான் மீனவர் சங்கத்தில் மனு எழுதுகிற ஆள். பாதுகாப்பகம் பற்றிப் பேச நடந்த கூட்டத்துக்கு முன்னாலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தேசியப் பூங்கா வேறு, 36ஏ பிரிவில் வரும் பாதுகாப்பகம் வேறு. உள்ளூர் மக்களோடு கலந்து பேசிய பிறகுதான் இதை அறிவிக்க முடியும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் பேசினோம்.

மேலாண்மைக் குழுவில் யார் யார் என்று 36பி சொல்கிறது: ஊராட்சிப் பிரதிநிதி, தொண்டு நிறுவனத்தார், வேளாண் துறை, கால்நடைத் துறை. மீன்வளத் துறையைக் காணோம்! காட்டை நினைத்து எழுதின சட்டம். நான் வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு அண்ணன், "கடற்பசுவுக்கு ஊசி போட வருவாங்களோ" என்றார், வந்திருந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. ஊராட்சித் தலைவர் கடலுக்குப் போகிறவராக இருக்க வேண்டிய அவசியமில்லையே? அதனால் தொழில் செய்கிற ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்று தனியாக மனு கொடுத்தோம்.

அடுத்து பாதுகாப்பகத்தின் எல்லை வரைபடம். வலைக் கொட்டகையில் விரித்தார்கள், நீலத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "சார், இங்கன ரெண்டு பாகம் (ரெண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம்தான், கடற்புல்லு மண்டிக் கிடக்கும், நண்டு வலை போடுற இடம்" என்றார். அதிகாரி பேனாவை அவர் கையிலேயே கொடுத்தார். கூட்டத்தின் சுருதி மாறியது அங்கேதான்.

அதிக நேரம் இழுத்தது வலை விவகாரம். கடற்பசு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், செவுள் வலையில் சிக்கினால் செத்துவிடும். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் உள்ள விலங்கு என்பதால் வழக்கு வருமோ என்ற பயத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. அறுத்துவிட்டால் வலை நஷ்டம், விட்டுவைத்தால் வழக்கு, என்னதான் செய்ய? உயிரோடு விடுவிக்கிறவருக்குப் பரிசும் பாராட்டும் என்று வனத்துறை சொன்ன பிறகுதான் ஆட்கள் வாய் திறந்தார்கள்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டருக்கு அறிவிப்பு வந்தது. சரி, கடற்பசு மேய்கிற புல்லை வேரோடு அரிப்பது எங்கள் நாட்டுப்படகா, கரையை ஒட்டி வருகிற விசைப்படகின் இழுவை மடியா (கடலடியை வாரி இழுக்கும் வலை)? கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி (1983) ஏற்கெனவே தடை இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.