ஷாபி அலோன்சோ ஊருக்குப் போய், டாக்ஸிக்குத் தண்டம் அழுது, பீன்ஸ் சாப்பிட்ட கதை

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன். அப்போதுதான் ஊரைப் பற்றி எழுத வரும். ஸ்பெயினின் சான் செபாஸ்டியனுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் சுபியேட்டா என்று ஒரு இடம். ரியல் சோசியதாத் கால்பந்து கிளப்பின் பயிற்சி மைதானம் அங்கேதான். மீட்டர் போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள்ளேயே ரெண்டு சுற்று சுற்றி, அப்புறம்தான் நெடுஞ்சாலை ஏறினார். கடைசியில் இறக்கிவிட்டது பக்கத்தில் இருக்கும் குதிரைப் பந்தய மைதானத்து வாசலில்! தோளில் ஒரு சின்னப் பையோடு போன என்னிடம் லக்கேஜ் சார்ஜ் வேறு. யூரோவில் சம்பளம் வாங்கினாலும் எதையும் நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி என்னை விடவில்லை. பெருக்கினேன். மூவாயிரத்துச் சொச்சம். வயிறு எரிந்தது.

தூறலில் நடந்து போய்ச் சேர்ந்தால் ஒரு வேலி, மூடிய கேட், உள்ளே எங்கேயோ விசில் சத்தம். அவ்வளவுதான். செல்ஃபி எடுக்கக்கூட ஒன்றும் இல்லை. ஆனால் நான் இந்த ஊருக்கு டிக்கெட் போட்டதே இந்த வேலிக்காகத்தான். ஸ்பெயினின் பழைய கால்பந்து நட்சத்திரம் ஷாபி அலோன்சோ பயிற்சியாளர் வேலை பழகியது இதற்குள்தான்.

நான் இருப்பது ஜெர்மனியின் கொலோனில். பக்கத்து ஊர் லெவர்குசன். 2022 அக்டோபரில் அலோன்சோ அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது அது புள்ளிப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. 2023-24 சீசனில் அதே அணி 34 லீக் ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் முதல்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவை வென்றது. ஜெர்மன் கோப்பையும் சேர்த்து எடுத்தது. எல்லாப் போட்டியும் சேர்த்து 51 ஆட்டம் தோற்கவில்லை. ஐரோப்பிய கிளப்புகள் ஆடும் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் இத்தாலியின் அட்டலாண்டா மூன்று கோல் போட்டுத்தான் அந்தக் கணக்கை முடித்தது. கொடுமை என்னவென்றால், அதே சீசனில் எங்கள் கொலோன் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆபீசில் அலோன்சோ பேரை எடுத்தாலே ஆளாளுக்கு முறைப்பார்கள்.

அப்போது எல்லோரும் சொன்னது, "பெரிய பிளேயர், கோச்சிங்கும் தானா வந்துடுச்சு". தானாகவெல்லாம் வரவில்லை. 2010 உலகக் கோப்பை, 2008, 2012 யூரோ கோப்பை, லிவர்பூலோடும் ரியல் மாட்ரிட்டோடும் சாம்பியன்ஸ் லீக் என்று அத்தனையும் வைத்திருந்த ஆள், 2017இல் ஓய்வு பெற்றதும் மாட்ரிட்டில் 14 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2019இல் இந்த வேலிக்கு உள்ளே வந்து ரியல் சோசியதாத்தின் பி அணியை (இளைஞர்கள் ஆடும் இரண்டாம் அணி) எடுத்து மூன்று சீசன் இருந்தார். 2021இல் அந்த அணியை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார், அடுத்த வருஷமே அது திரும்பக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் லெவர்குசன் கதையின் முதல் பாதி அதுதான். 2025இல் ரியல் மாட்ரிட் அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அங்கே யாருக்கும் மூன்று வருஷம் பொறுமை கிடையாது.

சரி, பயணம். பில்பாவோ வரை மலிவு விமானம். அங்கிருந்து சான் செபாஸ்டியனுக்குப் பஸ், சொல்ல ஒன்றுமில்லை. ரூம் வாடகைதான் கண்ணைக் கட்டியது.

மறுநாள் காலை கோன்ச்சா கடற்கரை. குளிர்கால வார இறுதியில் அலை உள்வாங்கியதும் ஈர மணலில் கோடு இழுத்து மைதானம் போட்டுவிடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு. அலை திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும். நான் போனபோது பத்து வயது மதிக்கத்தக்க வாண்டுகள் முழங்கால் வரை மணலும் தண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தரையோடு தட்டிவிட்ட பந்து சின்னக் குட்டையில் சொத்தென்று நின்றுவிடுகிறது. ஒரு பெண் குழந்தை மட்டும் புரிந்துகொண்டு, பந்துக்கு அடியில் காலைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அலோன்சோ 2006இல் லிவர்பூலுக்காக லூட்டன் அணிக்கு எதிராகத் தன் பாதி மைதானத்தில் இருந்தே கோல் அடித்தாரே, அந்தக் கால் இங்கே பழகியதுதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

அலோன்சோவும் இங்கிலாந்தின் ஆர்செனல் அணிப் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டாவும் சின்ன வயதில் இதே மணலில் ஆடியவர்கள். ரெண்டு பேரும் அன்டிகுவோகோ என்ற பேட்டை கிளப்பின் பையன்கள். ஆண்டோனி இராவோலா, அதூரிஸ், இப்போது ஆர்டெட்டாவிடம் ஆடும் சுபிமெண்டி என்று பேர் வாங்கிய கால்பந்துக்காரர்கள் எல்லோரும் அங்கே இருந்து கிளம்பியவர்களே. இன்னொரு பெரிய பயிற்சியாளர் உனாய் எமெரியும் இதே மாகாணத்துக்காரர். கிபுஸ்கோவா, பரப்பளவில் ஸ்பெயினிலேயே சின்ன மாகாணம். தண்ணியில் என்னதான் கலக்கிறார்களோ!

கடற்கரையின் மேற்கு முனையில் பாறையில் செருகிய இரும்புச் சிற்பங்கள் இருக்கின்றன. செய்தவர் எதுவார்தோ சில்லிடா. சிற்பி ஆவதற்கு முன் ரியல் சோசியதாத்தின் கோல்கீப்பர்! முழங்கால் போனதால் கலைக்குப் போனார். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் கால்பந்தில்தான் போய் முட்டுகிறது.

அலோன்சோ பிறந்தது இங்கே இல்லை, தொலோசாவில். லோக்கல் ரயிலில் அரை மணி நேரம், டிக்கெட் சல்லிசு. அப்பா பெரிகோ அலோன்சோவும் நடுக்கள ஆட்டக்காரர். ரியல் சோசியதாத் 1981, 1982 என்று அடுத்தடுத்து ஸ்பெயின் லீக் வென்றபோது அணியில் இருந்தவர். மகன் பிறந்தது 1981 நவம்பரில், ரெண்டு கோப்பைக்கும் நடுவில். அதே கிளப்பில் 2001இல் 19 வயது மகனைப் பயிற்சியாளர் டோஷாக் கேப்டனாக்கினார். 2002-03இல் லீக் கையில் வந்து, ரெண்டே புள்ளியில் ரியல் மாட்ரிட்டுக்குப் போனது. தொலோசாவில் அவருக்குப் பெரிய போர்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஊர் முழுக்கப் பீன்ஸ்தான்.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். கருகருவென்று ஒரு பீன்ஸ், மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துக் குழம்பு தானாகவே கெட்டிப்படும்வரை வேகவிடுகிறார்கள். சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டார் அந்த அம்மா. தொட்டுக்கொள்ள வேகவைத்த முட்டைக்கோஸ், பன்றி விலா, ரத்த சாசேஜ், பக்கத்து ஊர் இபார்ராவின் ஊறுகாய்ப் பச்சை மிளகாய். மிளகாய்க்குக் காரம் பேருக்குக்கூட இல்லை, ஆனால் அந்தப் புளிப்பு பீன்ஸோடு சேரும்போது கை நிற்கவில்லை. எனக்கு ஒரே குறை, சுடுசோறு இல்லாததுதான். ரெண்டாம் முறையும் கரண்டியால் அள்ளிப் போட்டார், காசு சேர்க்கவில்லை. டாக்ஸியில் விட்டதில் பாதிகூட ஆகவில்லை இந்தச் சாப்பாடு. சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆனாலும் சட்டிக்குள் ஏதாவது போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சான் செபாஸ்டியன் பழைய டவுனில் பின்ச்சோஸ் (ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துத் தரும் சிறு தீனி) பார்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் மூன்று, நான்கு யூரோ. பசியோடு போனால் பர்ஸ் காலி. தொலோசாவில் வயிற்றை நிரப்பிக்கொண்டு இங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

விவரமாகச் செலவுக் கணக்கு போடலாம் என்று நினைத்திருந்தேன், பீன்ஸில் எல்லாம் மறந்துவிட்டது. சுருக்கமாக: கோடையில் போகாதீர்கள், வாடகையும் ஏறிவிடும், கடற்கரையில் பிள்ளைகள் ஆட்டமும் இருக்காது. குளிர்கால வார இறுதி, அலை இறங்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள், குடை கட்டாயம். தொலோசா சந்தை சனிக்கிழமை. சுபியேட்டாவுக்குப் போயே தீருவேன் என்றால் பஸ்ஸில் போங்கள்.